குழியை நாமே மூடுவோம்: பிரிட்டனில் கரீபியர்கள் இறந்தவர்களை நினைக்கும் விதம்

லண்டனில் ஒரு கல்லறைத் தோட்டம். பெட்டியைக் குழிக்குள் இறக்கியாயிற்று. பாஸ்டர் ஜெபம் சொல்லி முடித்துவிட்டார். வழக்கமான ஆங்கிலேய அடக்கமாக இருந்தால் இந்நேரம் கூட்டம் கலைந்திருக்கும். ஆளுக்கு ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டுக் காரைப் பார்த்து நடந்திருப்பார்கள். குழியை மூடுவது கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) ஆட்களின் வேலை. அதையும் சொந்தக்காரர்கள் கண்ணில் படாமல், எல்லோரும் போன பிறகு ஒரு சின்ன ஜேசிபியை வைத்து முடித்துவிடுவார்கள்.

இங்கே யாரும் நகரவில்லை. ஒருவர் கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுக்கிறார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஷவலை எடுக்கிறார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொள்கிறார்கள். லண்டன் மண் களிமண். ஈரமாக இருந்தால் ஷவலில் ஒட்டிக்கொண்டு எளிதில் விழாது. மகன், மருமகன், சபைக்காரர், பழைய ஃபேக்டரி நண்பர் என்று ஷவல் கைமாறிக்கொண்டே போகிறது. பெண்கள் ஒரு பக்கம் நின்று பாட்டை விடாமல் பாடுகிறார்கள். புது ஷூ போட்டுக்கொண்டு வந்த பேரனுக்கும் ஒரு முறை கிடைக்கிறது. குழி நிறைந்து, மேடு கட்டி, ஷவலின் முதுகால் தட்டிச் சீராக்கி, பூவளையங்களை ஒவ்வொன்றாக வைத்த பிறகுதான் புறப்படுகிறார்கள். கவுன்சில் ஆள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். அவருக்கு இது பழகிவிட்டது.

மேற்கிந்தியத் தீவுகள் என்றால் நமக்குக் கிரிக்கெட்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்தத் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்குப் போனவர்களின் கதை 1948 ஜூன் 22 அன்று டில்பரி துறைமுகத்தில் பயணிகளை இறக்கிய எம்பயர் விண்ட்ரஷ் கப்பலிலிருந்து சொல்லப்படுவது வழக்கம். கப்பலில் இருந்த 1,027 பேரில் கடைசியாகக் குடியிருந்த இடம் கரீபியன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் 802 பேர். அதற்கு முன்பும் ஆட்கள் வந்திருக்கிறார்கள், பின்பு நிறையவே வந்தார்கள். ஆனால் பெயர் அந்தக் கப்பலுக்கு அமைந்துவிட்டது. 1971க்குள் வந்த எல்லோரும் இன்று விண்ட்ரஷ் தலைமுறைதான். அந்தத் தலைமுறை வந்து இறங்கியதைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். அவர்கள் எப்படி அடக்கம் ஆனார்கள் என்பதில்தான், என்னைக் கேட்டால், இன்னும் பெரிய கதை இருக்கிறது.

ஷவலிலிருந்தே தொடங்கலாம். ஜமைக்காவின் கிராமங்களில் சாவு விழுந்தால் குழி வெட்டுவது கூலி வேலை இல்லை. ஊரார் கூடி வெட்டுவார்கள். அன்றைக்கே ஓர் ஆட்டை அறுத்துச் சமைப்பார்கள், ரம் சுற்றி வரும், பாட்டும் கிண்டலுமாகப் பொழுது போகும். சிமெண்ட் குழைத்துக் குழிக்குள் பெட்டகம் கட்டுவதும் அவர்கள்தான். பிரிட்டனில் இது எதற்கும் வழியில்லை. குழியை முந்தின நாளே இயந்திரம் தோண்டி வைத்துவிடும். ஊராருக்கு மிஞ்சியது மூடுவது மட்டும். அதை விட்டுக்கொடுக்கவில்லை. தொடக்க காலத்தில் கல்லறைத் தோட்டத்து ஊழியர்கள் முகம் சுளித்தார்கள். இவ்வளவு நேரம் எடுத்தால் அடுத்த அடக்கம் தாமதமாகும் என்பது அவர்கள் கவலை. இப்போது பல இடங்களில் கேட்டால் ஷவலைக் கொடுத்துவிடுகிறார்கள். கரீபியக் குடும்பங்களுக்கு வேலை செய்யும் இறுதிச் சடங்கு நிறுவனங்கள் வண்டியிலேயே நாலைந்து எடுத்து வருவதும் உண்டு.

ஜமைக்காவில் எல்லோரையும் பொதுக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்பதும் இல்லை. குடும்ப நிலம் என்று ஒன்று இருக்கும். அடிமைமுறை ஒழிந்தபின் முன்னோர் அரும்பாடுபட்டு வாங்கிய துண்டு நிலம் அது. யாரும் தனியாக விற்கக் கூடாது, வழிவழியாக எல்லோருக்கும் பங்கு. பாட்டன் பூட்டன் கல்லறைகள் வீட்டுக் கொல்லையிலேயே வெள்ளையடித்து நிற்கும். குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை அதே மண்ணில் புதைத்து, மேலே ஒரு தென்னையோ ஈரப்பலாவோ நடுவார்கள். “என் தொப்புள்கொடி புதைந்த இடம்” என்று ஜமைக்காக்காரர் சொன்னால் அது வெறும் பேச்சில்லை. மரத்தைக் காட்டுவார். பிறப்பும் இறப்பும் ஒரே வளாகத்தில் நடக்கும் ஏற்பாடு அது.

இப்படிப்பட்டவர்கள்தான் பிரிட்டனுக்கு ஐந்து வருஷக் கணக்கில் வந்தார்கள். ஐந்து வருஷம் உழைப்பது, பணம் சேர்ப்பது, திரும்புவது. அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் இந்த ஐந்து வருஷக் கணக்கைச் சொல்வார்கள். ஐந்து பத்தாயிற்று, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், வீட்டுக் கடன் வந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஓட்டியவரும் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தவரும் மனதுக்குள் திரும்பிக்கொண்டே இருந்தார்கள். முதல் சாவு விழும்வரை அந்தக் கணக்கு யாரையும் உறுத்தவில்லை. எந்த மண்ணில் வைப்பது என்ற கேள்வி எழுந்த அன்றைக்குத்தான் இங்கேயே தங்கிவிட்டோம் என்பது உறைத்தது.

இனி ஒன்பதாம் இரவு. ஜமைக்காவில் ‘நைன் நைட்’. சாவுச் செய்தி வந்த நாளிலிருந்தே அந்த வீட்டில் கதவு சாத்துவதில்லை. ஒவ்வொரு மாலையும் ஆட்கள் வருவார்கள், உட்காருவார்கள், பாடுவார்கள். இறந்தவரின் ஆவியை ‘டப்பி’ என்பார்கள். அது ஒன்பது நாள் வீட்டைச் சுற்றிவிட்டு ஒன்பதாம் இரவு விடைபெறும் என்பது நம்பிக்கை. மனிதருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்மா உண்டு, முறையாக அனுப்பாவிட்டால் ஒன்று இங்கேயே தங்கிவிடும் என்ற எண்ணம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, குறிப்பாக அக்கான் மக்களிடமிருந்து, கப்பலேறி வந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அடிமைகளாக இருந்த காலத்தில் இரவில் கூடுவதற்கும் முரசு அடிப்பதற்கும் முதலாளிகள் தடை போட்டார்கள். கூட்டம் கூடினால் கலகம் வரும் என்ற பயம். ஆனாலும் சாவுக்குக் கூடுவதை முழுக்கத் தடுக்க முடியவில்லை. இறந்தவர் கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்கே பறந்துபோகிறார் என்று அன்றைக்கு நம்பினார்கள். செத்தாலாவது ஊர் போய்ச் சேரலாம் என்ற அந்த ஆசை இருநூறு வருஷம் கழித்து பர்மிங்காமிலும் லண்டனின் பிரிக்ஸ்டனிலும் வேறு ஊரின் பெயரில் மறுபடி தலைகாட்டியது.

ஒன்பதாம் இரவில் என்னென்ன இருக்கும்? பொரித்த மீன், கெட்டியான வெள்ளை ரொட்டி, மரவள்ளியில் சுட்ட பாமி, ஆட்டுத்தலையும் குடலும் போட்டுக் கொதிக்க வைத்த சூப். எரியும் அளவுக்குக் காட்டமான வெள்ளை ரம். இறந்தவருக்கென்று ஒரு மேசை தனியாக இருக்கும். அவருக்குப் பிடித்ததெல்லாம் அதில் படைத்திருக்கும். நள்ளிரவுவரை யாரும் அதைத் தொடக் கூடாது. ஒரு மூலையில் டாமினோ நடக்கும். கட்டையை மேசையில் ஓங்கி அடிக்கும் சத்தம் பாட்டுக்குத் தாளம்போலக் கேட்கும். பாட்டிலும் ஒரு முறை உண்டு. ஒருவர் ஞானப்பாட்டின் ஒரு வரியை வேகமாகச் சொல்லிக்கொடுப்பார், கூட்டம் அதையே இழுத்துப் பாடும், அடுத்த வரி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் புத்தகம் இல்லாதவர்களும் பாட வழி செய்த ஏற்பாடு. பன்னிரண்டு மணிக்கு விடைகொடுக்கும் நேரம். இறந்தவரின் அறையில் கட்டிலை இடம் மாற்றுவார்கள், மெத்தையைப் புரட்டுவார்கள், மேசை நாற்காலியைத் திருப்பி வைப்பார்கள். டப்பி மறுபடி வந்தால் இது தன் வீடுதானா என்று குழம்பிப் போய்விட வேண்டும். அழுகை இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடச் சிரிப்பு அதிகம் கேட்கும். செத்தவர் வாங்கித் திருப்பாத கடன், அவருடைய கஞ்சத்தனம், காதல் கதை எல்லாம் வெளியே வந்துவிடும்.

இதையெல்லாம் கொல்லையும் மாமரமும் உள்ள வீட்டிலிருந்து வரிசையாக ஒட்டிக் கட்டிய லண்டன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. தொடக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறைதான். பிறகு சொந்த வீடு வந்தபோது முன்னறை ஒன்று கிடைத்தது. பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா, கஞ்சி போட்டு விறைப்பாக்கிய குரோஷே விரிப்பு, கண்ணாடி மீன், ரேடியோகிராம், சுவரில் கடைசி இராப்போஜனப் படம். சாதாரண நாளில் பிள்ளைகளை உள்ளே விடாத அந்த அறை சாவு வீட்டில் மட்டும் எல்லோருக்கும் திறந்தது. நூறு பேர் வந்தால் படிக்கட்டிலும் நடைபாதையிலும் நின்றார்கள். அக்கம்பக்கத்தில் போலீசைக் கூப்பிட்டார்கள். சாவு வீட்டில் இவ்வளவு சத்தமா என்று ஆங்கிலேயருக்குப் புரியவில்லை. தெருவே அமைதியாக இருக்கும்போது எப்படி ஒருவரை வழியனுப்புவது என்று இவர்களுக்குப் புரியவில்லை. நாள்கணக்கும் நெகிழ்ந்தது. பிரிட்டனில் கல்லறைத் தோட்டத்தில் இடமும் நேரமும் கிடைத்து, நியூயார்க்கிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் சொந்தங்கள் வந்து சேர மூன்று நான்கு வாரம் ஆகும். அதனால் ஒன்பதாம் இரவைச் சிலர் நாள் எண்ணி நடத்துகிறார்கள், சிலர் அடக்கத்துக்கு முந்தின இரவுக்குத் தள்ளுகிறார்கள். பெயரில் மட்டும் ஒன்பது அப்படியே நிற்கிறது.

ரம் விஷயத்தில் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஆங்கிலேயச் சபைகளில் முகம் கொடுக்காததால் பலர் தாங்களே பெந்தெகொஸ்தே சபைகளைத் தொடங்கினார்கள். அந்தச் சபைகளுக்கு ரம்மும் ஆகாது, டப்பியும் ஆகாது. முன்னறையில் சபைக்காரர்கள் பைபிளோடு, பின்கட்டில் மாமன்மார் பாட்டிலோடு என்று ஒரே வீட்டில் இரண்டு துக்கம் நடப்பதுண்டு. நள்ளிரவில் பாட்டு மட்டும் ஒன்றாகிவிடும். மற்ற தீவுகளுக்கு வேறு வழக்கம். டிரினிடாடுக்காரர்கள் காப்பியும் பிஸ்கட்டும் சீட்டுக்கட்டுமாக இரவு விழிப்பார்கள், நாற்பதாம் நாள் ஜெபம் வைப்பார்கள், நவம்பர் 1 அன்று கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். கிரனடாவைச் சேர்ந்த கரியாகு தீவில் கல் நாட்டுவதற்கே தனி விருந்து உண்டு. பிரிட்டனில் ஜமைக்காக்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் ஒன்பதாம் இரவு எல்லோருக்கும் பொதுப்பெயர்போல ஆகிவிட்டது.

சரி, இதற்கெல்லாம் பணம்? வங்கிகள் கறுப்பர்களுக்குக் கடன் கொடுக்கத் தயங்கிய காலத்தில் இவர்களைத் தூக்கி நிறுத்தியது ‘பார்ட்னர்’. அப்படியே நம்மூர்ச் சீட்டு. இருபது பேர் வாராவாரம் ஒரே தொகை போடுவார்கள், நம்பிக்கையான ஒரு பெண்மணியிடம் பணம் சேரும், முறை வைத்து மொத்தமாக எடுப்பார்கள். வீட்டுக்கு முன்பணம், கப்பல் டிக்கெட், பிறகு சாவுச் செலவு எல்லாம் இதிலிருந்துதான். யாராவது இறந்துவிட்டால் அந்த வாரத்து மொத்தப் பணத்தை அந்தக் குடும்பத்துக்கு விட்டுக்கொடுப்பதும் நடக்கும். பிரிட்டனில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தகனம்தான். செலவும் குறைவு. ஆனாலும் பழைய தலைமுறைக்கு எரிப்பது பிடிக்காது. புதைத்தால்தான் ஆயிற்று. அதிலும் ஒரு சிக்கல். குடும்ப நிலத்துக்குப் பழகியவர்களுக்கு இங்கே கிடைப்பது குத்தகைக் குழி. கல்லறை இடத்தை முழுசாக விற்பதில்லை, உரிமையை மட்டும் கொடுக்கிறார்கள், அதுவும் சட்டப்படி ஒரே தடவையில் அதிகபட்சம் 100 ஆண்டுக்கு. கல்லின் அளவு, சுற்றுக்கட்டு, செயற்கைப் பூ எல்லாவற்றுக்கும் விதிமுறை. களிமண் இறுகாமல் கல் நடக்கூடாது என்பதால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சிலர் உடலை ஊருக்கே அனுப்பினார்கள். இன்றும் அனுப்புகிறார்கள். விமானக் கட்டணம், பதப்படுத்துதல், தூதரகக் காகிதங்கள் என்று கணிசமான செலவு. பென்ஷன் வாங்கிய கையோடு திரும்பிப் போய், ஜமைக்காவின் மாண்டவில் போன்ற ஊர்களில் வீடு கட்டி அங்கேயே கண்மூடியவர்களும் உண்டு. அப்போது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரிட்டனில். கல்லறைக்குப் பூ வைக்க வருஷத்துக்கு ஒரு தடவை போவதே பெரிய காரியம். ஆக, எங்கே புதைத்தாலும் யாரோ ஒருவருக்குத் தூரம்தான்.

தங்கள் வீட்டுச் சாவோடு இந்த நினைவு நிற்கவில்லை. ஜமைக்காவில் பிறந்து, கிரிமியப் போரில் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த மேரி சீக்கோல் 1881ல் லண்டனில் இறந்தார். உயிரோடு இருந்தபோது பேரும் புகழுமாக இருந்தவர். கென்சல் கிரீனில் உள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல் எழுத்து மங்கி, கேட்பாரற்றுக் கிடந்தது. 1973ல் அதைப் புதுப்பித்து மறுபடி அர்ப்பணித்ததில் முன்னே நின்றவர்கள் ஜமைக்க நர்சுகள். பகலும் இரவுமாக பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளில் உழைத்துக்கொண்டிருந்தவர்கள், நூறு வருஷத்துக்கு முந்தைய தங்கள் ஊர் நர்சின் கல்லைத் துடைத்து எழுத்தைத் தீட்டினார்கள். நாங்கள் நேற்று வந்தவர்கள் இல்லை என்று சொல்ல இதைவிட அமைதியான வழி இருக்குமா தெரியவில்லை.

அதே கென்சல் கிரீனில் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் கெல்சோ காக்ரேன் இருக்கிறார். ஆன்டிகுவாக்காரர், தச்சர், 32 வயது. 1959 மே மாதம் ஆஸ்பத்திரியில் கைக்கட்டைவிரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நள்ளிரவில் திரும்பும்போது நாட்டிங் ஹில்லில் வெள்ளை இளைஞர் கும்பல் குத்திக் கொன்றது. இதில் இனவெறி இல்லை, வழிப்பறி என்று போலீஸ் சொன்னது. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. ஜூன் 6 அன்று அடக்கத்துக்கு 1,200 பேருக்கு மேல் வந்தார்கள், கறுப்பரும் வெள்ளையருமாக. பெரும்பாலோருக்கு அவர் யார் என்றே தெரியாது. அந்தத் தெருக்களில் பயந்து பயந்து நடந்தவர்கள் முதல்முறையாகப் பயப்படாமல் நடந்தது அந்த ஊர்வலத்தில்தான். அதை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் கிளாடியா ஜோன்ஸ். டிரினிடாடில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, கம்யூனிஸ்ட் என்று நாடு கடத்தப்பட்டு லண்டன் வந்தவர். பிரிக்ஸ்டனில் பத்திரிகை நடத்தினார், 1959 ஜனவரியில் மண்டபத்துக்குள் ஒரு கார்னிவல் நடத்தினார். 1964 கிறிஸ்துமஸ் சமயத்தில் தனியறையில் இறந்துபோனார், வயது 49. ஹைகேட்டில் கார்ல் மார்க்ஸ் கல்லறைக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. ஆனால் பெயர் பொறித்த கல் வர 1984 ஆயிற்று. மார்க்ஸைப் பார்க்க வந்த கூட்டம் இருபது வருஷம் அவரைக் கவனிக்காமலே கடந்து போயிருக்கிறது.

துக்கம் அரசியலானது என்று ஒரு தேதியைக் குறிக்கச் சொன்னால் நான் 1981 ஜனவரி 18ஐச் சொல்வேன். தென்கிழக்கு லண்டனில் நியூ கிராஸ் சாலை, 439ஆம் எண் வீடு. பிறந்தநாள் விருந்து விடியவிடிய நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. 14 வயதிலிருந்து 22 வயதுக்குள் 13 பேர் இறந்தார்கள். தப்பித்த ஓர் இளைஞர் இரண்டு வருஷம் கழித்து இறந்தபோது அவரையும் பதினான்காவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் அதற்குமுன் கறுப்பர்கள் கூடும் இடங்களில் தீவைப்புகள் நடந்திருந்ததால், இதுவும் அப்படித்தான் என்று எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். அரசிடமிருந்து வாரக்கணக்கில் ஓர் இரங்கல் வார்த்தை வரவில்லை. பிப்ரவரி 14 அன்று டப்ளினில் ஸ்டார்டஸ்ட் நடனக்கூடம் எரிந்து 48 பேர் இறந்தபோது மட்டும் லண்டனிலிருந்து உடனே இரங்கல் பறந்தது. “பதின்மூன்று பேர் செத்தார்கள், ஒரு பேச்சும் இல்லை” என்ற கோஷம் இங்கிருந்துதான் கிளம்பியது. மார்ச் 2, ஒரு திங்கட்கிழமை, வேலைநாள். வேலையையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு சுமார் 20,000 பேர் நியூ கிராஸிலிருந்து ஹைட் பார்க்வரை நடந்தார்கள். நடுவில் பத்திரிகை ஆபீஸ்கள் நிறைந்த ஃப்ளீட் தெரு வழியாகவே போனார்கள். 1981லும் 2004லும் நடந்த இரண்டு மரண விசாரணைகளும் காரணம் தீர்மானிக்க முடியவில்லை என்றே முடிந்தன. எப்படி இறந்தார்கள் என்று தெரியாதவர்களை எப்படி விடைகொடுத்து அனுப்புவது? அந்தக் குடும்பங்களுக்கு ஒன்பதாம் இரவு முடியவே இல்லை. வருஷாவருஷம் ஜனவரியில் கூடி, பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறார்கள்.

பெயர் என்றதும் இன்னொரு கதை. விண்ட்ரஷ் தலைமுறையினர் வந்து இறங்கியபோது பதிவான தரையிறங்கல் அட்டைகள் உள்துறை அமைச்சகத்தில் ஒரு கிடங்கில் இருந்தன. 2010ல் அவற்றை அழித்துவிட்டார்கள். அதே காலத்தில் குடியேற்றச் சட்டங்கள் இறுகின. ஐம்பது வருஷமாக வரி கட்டியவரிடம், நீ இங்கே இருந்ததற்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் அத்தாட்சி கொண்டு வா என்றார்கள். வேலை போனது, வைத்தியம் மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தவும் பட்டார்கள். அம்மாவின் சாவுக்குப் போக பாஸ்போர்ட் கிடைக்காமல் நின்றவர்கள் உண்டு. போனவர்களில் திரும்பி வர முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 2018 ஏப்ரலில் பிரதமர் தெரசா மே மன்னிப்புக் கேட்டார், உள்துறை அமைச்சர் ராஜினாமா செய்தார், மறுவருஷம் இழப்பீட்டுத் திட்டம் வந்தது. திட்டம் நகர்ந்த வேகத்தில் ஆட்கள் போய்விட்டார்கள். 2021 நவம்பரில் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட அறிக்கையின்படி, இழப்பீடு கைக்கு வராமலே இறந்தவர்கள் 23 பேர். நாடாளுமன்ற உணவகத்திலேயே ஒரு காலத்தில் சமையல் வேலை பார்த்த பாலெட் வில்சன் தனக்கு நடந்ததை வெளியே சொல்லிப் போராடியவர். 2020 ஜூலையில் 64 வயதில் இறந்தார். அதற்குச் சில வாரம் முன்புதான் பிரதமர் வீட்டு வாசலில் மனுவோடு நின்றிருந்தார்.

அரசு அட்டைகளை அழித்தது. வீடுகளில் மட்டும் ஒரு வகைக் காகிதம் அழியாமல் இருந்தது. சாவுக்கு அடிக்கும் நினைவு மலர். பளபளப்பான தாள், எட்டுப் பக்கமோ பன்னிரண்டோ. அட்டையில் தொப்பி வைத்த தாத்தா, கீழே “உதயம்” என்று பிறந்த தேதி, “அஸ்தமனம்” என்று இறந்த தேதி. உள்ளே வாழ்க்கைக் குறிப்பு. எந்தப் பாரிஷில் (அங்கே மாவட்டம் மாதிரி) பிறந்தார், எந்த வருஷம் எந்தக் கப்பலில் வந்தார், முதலில் எந்த ஃபேக்டரி, பிறகு எந்த ரயில்வே டிப்போ, எந்தத் தெருவில் வீடு, எந்தச் சபை. பின்னால் பிள்ளைகள், பேரர்கள், கொள்ளுப் பேரர்கள் பெயர்ப் பட்டியல். இடையிடையே படங்கள். கடுங்குளிரில் கோட் போட்டு விறைத்து நிற்கும் முதல் படம், கல்யாணப் படம், கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் எடுத்த பிறந்தநாள் படம். எந்தச் சாவுக்குப் போனாலும் ஒன்றை எடுத்து வந்து அலமாரியில் வைப்பார்கள். பைபிளுக்குள்ளும் செருப்புப் பெட்டிக்குள்ளும் நாற்பது ஐம்பது சேர்ந்துவிடும். இந்தச் சமூகத்தின் வரலாற்றை யாராவது முழுசாக எழுத வேண்டுமென்றால் அந்தச் செருப்புப் பெட்டிகளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

ஊரில் இருப்பவர்களுக்குச் செய்தி போவது இன்னொரு வழியில். பல தீவுகளில் வானொலி நிலையங்கள் தினமும் மரண அறிவிப்பு வாசிக்கின்றன. முழுப் பெயர், அதைவிட முக்கியமாகப் பட்டப்பெயர், அப்புறம் சொந்தங்கள்: இன்னார் இங்கிலாந்தில், இன்னார் டொரண்டோவில், இன்னார் புரூக்ளினில். அடுப்படியில் நின்று அதைக் கேட்கும் கிழவிக்கு ஒரு குடும்பம் எங்கெங்கே சிதறியது என்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். இப்போது அதே குரலை இணையம் வழியாக லண்டனிலும் கேட்கிறார்கள்.

சிலைகள் பிந்தித்தான் வந்தன. இரண்டு உலகப் போர்களிலும் சேவை செய்த ஆப்பிரிக்க, கரீபிய வீரர்களுக்கு பிரிக்ஸ்டனின் விண்ட்ரஷ் சதுக்கத்தில் நினைவுத்தூண் எழுந்தது 2017ல். ஜூன் 22 அதிகாரப்பூர்வ விண்ட்ரஷ் தினமானது 2018ல். 2022ல் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் ஜமைக்கச் சிற்பி பேசில் வாட்சன் செய்த வெண்கலச் சிலை: ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் ஆணும் பெண்ணும் குழந்தையும், பயணப் பெட்டிகளை அடுக்கி மேலே ஏறி நிற்கிறார்கள். சவுத்தாம்ப்டனில் கப்பலிறங்கிய பலர் ரயிலேறி வந்து சேர்ந்த இடம் அது. அழகான சிலைதான். ஆனால் இழப்பீடு இழுத்தடிக்கும்போது வெண்கலத்துக்கு மட்டும் பணம் எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்டார்கள். வைப்பதென்றால் பிரிக்ஸ்டனில் வைத்திருக்கலாமே என்றும் கேட்டார்கள். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. கப்பலில் வந்தவர்களில் தங்க இடமில்லாதவர்களை லண்டனின் கிளாபம் சவுத்தில் நிலத்தடிப் பதுங்கிடத்தில் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் வேலைவாய்ப்பு அலுவலகம் இருந்தது பிரிக்ஸ்டனில். அந்த ஊர் அப்படித்தான் கரீபிய ஊரானது.

2020ல் கொரோனா வந்தபோது, வயதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கறுப்பர்கள் அந்த நோயில் இறக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட நான்கு மடங்குக்கும் அதிகம் என்று புள்ளியியல் அலுவலகம் கணக்கிட்டது. ஏழ்மை, வீட்டு நெருக்கடி போன்றவற்றைக் கழித்த பிறகும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அடக்கத்துக்கு நெருங்கிய சொந்தம் மட்டும், தள்ளித் தள்ளி நின்று. கதவு சாத்தாத வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. ஒன்பதாம் இரவை ஜூமில் நடத்தினார்கள். வரி சொல்லிக்கொடுக்கும் பாட்டு ஜூமில் எடுபடாது. ஒருவர் குரல் வந்து சேர்வதற்குள் இன்னொருவர் அடுத்த வரிக்குப் போயிருப்பார். இருந்தாலும் பாடினார்கள்.

விண்ட்ரஷில் பெரியவர்களாக வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். விமானப் படையில் பணியாற்றி, தபால்காரராக வேலை பார்த்து, லண்டனின் சதர்க் பகுதிக்கு முதல் கறுப்பு மேயரான சாம் கிங் 2016 ஜூனில், விண்ட்ரஷ் தினத்துக்கு ஐந்து நாள் முன்னால் இறந்தார். லீட்ஸில் கரீபிய கிரிக்கெட் கிளப் தொடங்கியவர்களில் ஒருவரான ஆல்ஃபர்ட் கார்ட்னர் 2024 அக்டோபரில், 98 வயதில்.

இவர்கள் பிள்ளைகளுக்கே இப்போது அறுபது எழுபது வயது. பெற்றோரின் கல்லறை உரிமைப் பத்திரத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றக் கவுன்சில் அலுவலகத்துக்குப் போகிறார்கள். ஊழியர் அடக்கப் பதிவேட்டைப் புரட்டுகிறார்: பெயர், வயது, கடைசி முகவரி, குழியின் எண், தேதி. பிரிட்டனில் ஒவ்வொரு அடக்கத்தையும் இப்படிப் பதிந்து, அந்தப் பதிவேட்டைக் காலத்துக்கும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வந்து இறங்கிய அட்டைகளைப்போல அதைக் கிழித்துப் போட முடியாது.